வைகறைத் துயிலெழுப்பிய கோதை நாச்சியார்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாண்டிய நாட்டுத் திவ்ய தேசங்களுள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேறெவ்வூருக்கும் வாய்க்காத பெருமை ஒன்று உண்டு. பெரியாழ்வாரும் அவர்தம் திருமகளாரான ஆண்டாளும் ஆக ஆழ்வார்கள் இருவர் திருவவதாரம் செய்த புண்ணிய பூமி அது. அவ்வூர்ப் பெருமானின் திருநாமம் வடபத்ரசாயீ. வடபத்ரம் என்பது ஆலிலை. பிரளய காலத்தில் ஆலிலைமேல் துயின்றவன் என்பது அத்திருநாமத்தின் பொருள். அப்பெருமான் அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கும் ஊரில் வளர்ந்த சிறு பெண்பிள்ளையே, உறங்குகின்றவர்களை எல்லாம் வீடு வீடாகச் சென்று எழுப்பினாள். அந்தத் திருப்பணிக்காகவே அவள் பாடிய 30 பாசுரங்கள் திருப்பாவை என்னும் பெயரோடு, மார்கழி மாதத்து வைகறைதோறும் உலகெங்குமுள்ள வைஷ்ணவர்களின் வாயில் இன்றளவும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

விடியற்காலையில் எழ வேண்டும் என்று சொல்லாத சாஸ்த்ரம் இல்லை. சூரியோதயத்திற்கு 4 நாழிகைக்கு முன், அதாவது 96 நிமிஷங்களுக்கு முன் தொடங்குவது பிராஹ்ம முஹூர்த்தம். அந்த வேளையில் எழுந்து பகவானைச் சிந்திக்க வேண்டும் என்பது பெரியோர் விதித்த விதி. ஆயினும் விதியை அறிவது வேறு. படுக்கையை விட்டு எழுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மனிதர் எங்ஙனம் கடப்பது என்பதைக் கோதை நாச்சியாரின் திருச்சரிதம் காட்டித் தருகிறது.

நந்தவனத்து வைகறை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆனி மாதம் ஸ்வாதி நக்ஷத்ரத்தில் அவதரித்த விஷ்ணுசித்தர், எம்பெருமானுக்கு எந்தக் கைங்கர்யம் உகப்பானது என்று ஆராய்ந்தார். கம்ஸனுடைய மதுரை மாநகரில் கண்ணன் தானே தேடிச் சென்று மாலை பெற்றுக்கொண்ட மாலாகாரருடைய வரலாறு அவர் நெஞ்சில் நின்றது. புஷ்ப கைங்கர்யமே தமக்குரியது என்று துணிந்து நந்தவனம் அமைத்தார். பின்னாளில் பாண்டியன் ஸ்ரீவல்லபதேவனுடைய சபையில் பரதத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்றதும், யானைமேல் வலம் வரும்போது கருடாரூடனாய்க் காட்சி தந்த பெருமானுக்குக் கண்ணெச்சில் படலாகாதென்று பல்லாண்டு பாடியதும் உலகறிந்த செய்திகள். அத்தனை பெருமைகள் வந்தெய்திய பிறகும் ஆழ்வார் ஊர் திரும்பி, பெற்ற பொருளைப் பெருமானுக்கே ஸமர்ப்பித்துவிட்டு, மறுபடியும் பூக்குடலையைக் கையில் எடுத்தார்.

பூத்தொண்டு செய்கிறவனுக்கு விடியற்காலை ஓய்வு நேரம் அன்று. வண்டு வந்து மொய்ப்பதற்கு முன்னே மலர்களைக் கொய்தாக வேண்டும். திருத்துழாயோ அஸ்தமனத்திற்குப் பிறகு பறிக்கத் தகாதது. ஆகவே பொழுது புலரும் வேளையை நோக்கிக் காத்திருந்து பறிக்க வேண்டும். பறித்த மலர்களைப் பதம் பார்த்துப் பிரித்து, நாரில் தொடுத்து, சந்நிதியில் உரிய காலத்தில் சேர்க்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடக்க வேண்டுமாயின் தொண்டன் ஆதவனை முந்திக்கொள்ளாமல் இயலாது. ஆழ்வாருக்கு அது நியமமாகவே அமைந்துவிட்டது.

நந்தவனத்தில் திருத்துழாய்ச் செடியினருகே அவர் கண்டெடுத்த பெண் மகவே நம் நாச்சியார். நள வருஷம் ஆடி மாதம் பூர நக்ஷத்ரத்தில் பூமிப்பிராட்டியின் அம்சமாக அவள் தோன்றினாள் என்று குருபரம்பரை கூறும். மக்கட்பேறில்லாத ஆழ்வார் அம்மகவை எடுத்துக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கோதை என்னும் சொல்லுக்கு மாலை என்பது பொருள். மாலை தொடுக்கும் கைகளுக்குப் பெருமான் மாலையையே மகளாகத் தந்தான் என்று பெரியோர் இதனை அநுபவிப்பர்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. கிழக்கே சமவெளி விரிந்து கிடக்கிறது. ஆகவே கீழ்வானத்தில் தோன்றும் முதல் வெளுப்பு மறைப்பின்றிப் புலப்படும். மேற்கே மலையுச்சி முதலில் ஒளி பெறும். தளவாய்புரம், சேத்தூர், இராசபாளையம் வட்டாரத்து உழவர்கள் இன்றும் காணும் காட்சி இது. இத்தகைய ஊரில், விடியுமுன் விளக்கேறும் வீட்டில், பூக்குடலையும் திருத்துழாய் மணமும் சூழ வளர்ந்த குழந்தைக்கு வைகறையின் ஒவ்வோர் அடையாளமும் பழகிப் போயிற்று. பிற்காலத்தில் அவள் பாசுரங்களில் அவ்வடையாளங்கள் எல்லாம் ஒன்று விடாமல் வந்து அமைந்தன.

ஒரு வேறுபாடு இங்கே நினைக்கத் தக்கது. ஆழ்வார் யசோதையின் நிலையை ஏறிட்டுக்கொண்டு கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுப் பாடினார். திருமகளாரோ ஆய்ச்சியரின் நிலையை ஏறிட்டுக்கொண்டு அதே கண்ணனைத் துயிலெழுப்பிப் பாடினாள். தந்தையார் உறங்கவைத்த பிள்ளையை மகளார் எழுப்பினாள் என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

சூடிக் களைந்த மாலை

ஆழ்வார் தொடுத்து வைத்த மாலையைக் கோதை ஒருவரும் அறியாமல் தான் சூடிக்கொண்டு, கிணற்று நீரில் தன் உருவத்தைக் கண்டு, பெருமானுக்குத் தான் ஏற்றவள்தானோ என்று பார்த்து, மீண்டும் களைந்து குடலையில் வைத்துவிடுவாள். அக்கிணறு கண்ணாடிக் கிணறு என்ற பெயரோடு இன்றும் ஸேவிக்கக் கிடைக்கிறது. ஒருநாள் ஆழ்வார் இதனைக் கண்டு நெஞ்சு நடுங்கினார். அன்று மாலை ஸமர்ப்பிக்கவில்லை. கைங்கர்யம் தவறிப் போயிற்றே என்ற வருத்தத்தோடு கிடந்தார். பெருமான் அவருடைய கனவில் தோன்றி, கோதை சூடிக் களைந்த மாலையே தமக்கு உகப்பானது என்று உணர்த்தினார். அன்று முதல் அவள் சூடிக்கொடுத்த நாச்சியார் ஆனாள். ஆளும் பிராட்டியாதலின் ஆண்டாள் ஆனாள். அவள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோத்ஸவத்தில் திருவேங்கடமுடையானுக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் இன்றும் அனுப்பப்படுகிறது.

பருவம் எய்திய மகளுக்கு வரன் தேடத் தந்தையார் முனைந்தபோது, மானிடர்க்கு வாழ்க்கைப்படுவதில்லை என்று அவள் உறுதி கூறினாள். ஆழ்வார் ஒவ்வொரு திவ்ய தேசத்து எம்பெருமானின் பெருமையையும் எடுத்துரைக்கக் கேட்டு, திருவரங்கநாதன்பால் நெஞ்சைப் பறிகொடுத்தாள். ஆனால் அவனை அடையும் வழி யாது? அந்தத் தவிப்பே அவளைப் பாவை நோன்பிற்குச் செலுத்தியது.

நோன்பும் நியமமும்

ஆயர் கன்னியர் கண்ணனைக் கணவனாகப் பெற விரும்பி மார்கழி மாதத்தில் விடியற்காலையில் யமுனையில் நீராடி நோன்பு நோற்றனர் என்பது ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்து வரலாறு. அதனைப் பின்பற்ற நினைத்தாள் கோதை. வில்லிபுத்தூரே ஆய்ப்பாடி, தோழியரே ஆய்ச்சியர், வடபத்ரசாயியின் கோயிலே நந்தகோபர் திருமாளிகை, உள்ளே கண்வளரும் பெருமானே கண்ணன் என்று பாவித்தாள். பாவனை முற்றியபோது இடையர் பேச்சும் இடையர் நடையும் அவளிடம் வந்து சேர்ந்தன என்று பூர்வாசார்யர்கள் அருளிச்செய்வர்.

மார்கழியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. மானிடர்க்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள். உத்தராயணம் அவர்களுக்குப் பகல்; தக்ஷிணாயனம் இரவு. அந்த இரவின் கடைசிப் பகுதியான மார்கழி தேவர்களின் வைகறை ஆகிறது. மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணன் கீதையில் தன்னை அடையாளம் காட்டியிருப்பதும் நோக்கத் தக்கது. ஆண்டின் வைகறையில், நாளின் வைகறையில் நோன்பு தொடங்கியது.

நோன்பின் நியமங்களை நாச்சியார் இரண்டாம் பாசுரத்தில் வகுத்துரைக்கிறாள். நெய் உண்பதில்லை, பால் உண்பதில்லை, விடியலில் நீராட வேண்டும், கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்கு மலர் இல்லை, செய்யத் தகாதன செய்வதில்லை, கோள் சொல்வதில்லை, இயன்ற அளவு ஈகை செய்ய வேண்டும். இவற்றுள் மலர் சூடுவதில்லை என்பது எளிய சொல்லாகத் தோன்றலாம். சொன்னவள் யார் என்று எண்ணினால் அதன் கனம் விளங்கும். பெருமானுக்குரிய மாலையைத் தான் சூடிப் பார்த்த பெண் அவள். மாலையைப் பிரிந்திருக்க மாட்டாதவள், நோன்பிற்காக மலரையே விலக்கினாள். இத்தனை விலக்குகளுக்கு நடுவே கைக்கொள்ள வேண்டியதாக அவள் முதலில் வைத்தது வைகறை நீராட்டம் ஒன்றே.

பத்து வாசல்கள்

திருப்பாவையின் முதல் 5 பாசுரங்கள் முகவுரை போல் அமைந்தவை. 6 முதல் 15 முடிய உள்ள 10 பாசுரங்களில் 10 வீடுகளின் வாசலில் நின்று, உறங்கும் 10 பெண்களை எழுப்புகிறாள். இங்கே ஓர் ஐயம் எழும். கோதை முன்னரே விழித்துவிட்டவள். அவளுக்கு வேண்டியது கண்ணனுடைய தரிசனம். நேரே கோயிலுக்குச் செல்லலாமே. குளிரிலும் பனியிலும் பிறர் வாசலில் நின்று நாழிகையைக் கழிப்பானேன்?

இதற்குப் பெரியோர் கூறும் விடை இதுவே. இனிய பொருளைத் தனித்து உண்ணலாகாது. பகவானை அநுபவிக்கும்போது அடியார் திரள் உடன் இருக்க வேண்டும். ஒருத்தி விடுபட்டாலும் அநுபவம் குறைபட்டதாகும். ஆகவே முன்னே எழுந்தவளுக்குப் பின்னே உறங்குகிறவளை எழுப்பும் கடமை உண்டு. தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் அரங்கனை எழுப்பினார். கோதையோ அரங்கனுக்கு முன்னே அவன் அடியார்களை எழுப்பினாள்.

உறங்குகிறவர்கள் எளிதில் எழுந்துவிடவில்லை. பொழுது விடிந்தமைக்கு அடையாளம் கேட்கிறார்கள். பறவைகள் ஒலி எழுப்பியதும், கோயிலில் சங்கு முழங்கியதும் முதலில் கூறப்படுகின்றன. ஆய்ச்சியர் தயிர் கடையும் ஒலி கேட்கவில்லையா என்று அடுத்து வினவுகிறாள். கீழ்த்திசை வெளுத்தது, எருமைகள் பனிப்புல் மேய அவிழ்த்துவிடப்பட்டன என்கிறாள். புழைக்கடை வாவியில் பகல் மலர் விரிந்து இரவு மலர் குவிந்ததைக் காட்டுகிறாள். காவி உடுத்த துறவியர் தங்கள் கோயிலைத் திறக்கச் செல்வதைக் காட்டுகிறாள். கடிகாரம் இல்லாத காலத்தில் ஓர் ஊர் எவ்வாறு விடியலை அறிந்தது என்பதற்கு இப்பத்துப் பாசுரங்களைப் போன்ற சான்று அரிது.

உறங்குகிறவர்களும் ஒரே வகையினர் அல்லர். ஒருத்தி நோன்பிற்குப் புதியவள். அவளுக்கு எழும் பழக்கமே இல்லை. ஒருத்தி எல்லாம் அறிந்தவள், அறிந்தும் கிடக்கிறாள். ஒருத்தி மணிமாடத்தில், சுற்றிலும் விளக்கெரிய, தூபம் கமழ, மெத்தையில் துயில்கிறாள். வசதியே அவளுக்கு விலங்கு. அவள் தாயாரை அழைத்து, உன் மகள் ஊமையா, செவிடா, சோம்பலா, மந்திரத்தால் கட்டுண்டவளா என்று கேட்க நேர்கிறது. இன்னொருத்தியிடம், கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுத் தன் உறக்கத்தையும் உனக்கே தந்துவிட்டுப் போனானோ என்று பரிஹாஸமாகக் கேட்கிறாள். மற்றொருத்தியின் வீட்டில் கன்றை நினைத்த மாத்திரத்தில் எருமைகள் தாமே பால் சொரிய, வீடெல்லாம் சேறாகிக் கிடக்கிறது; வாசலில் நிற்கும் பெண்களின் தலைமேல் பனி விழுகிறது; அவளோ வாய் திறக்கவில்லை. முந்தின நாள் எல்லாரையும் தானே வந்து எழுப்புவதாக வாக்களித்தவளும் அவர்களுள் ஒருத்தி. அவளே எழாமல் கிடக்கிறாள். வாய்ப்பேச்சு எளிது, வைகறை எழுச்சி அரிது என்பதை நாச்சியார் இதைவிட நயமாக எவ்வாறு காட்ட இயலும்?

பத்தாவது வாசலில் மட்டும் உள்ளிருந்து மறுமொழி வருகிறது. வெளியே நிற்பவர்கள் கடிந்துகொள்ள, உள்ளே இருப்பவள் எதிர்ச்சொல் கூற, வாக்குவாதம் நீள்கிறது. முடிவில் அவள், குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டு எழுந்து வருகிறாள். அடியார்கள் தன்மேல் ஒரு குறையைச் சொன்னால் அதனை மறுக்காமல் தலைமேல் ஏற்பதே வைஷ்ணவ லக்ஷணம் என்று இவ்விடத்தில் ஆசார்யர்கள் நிலைநாட்டுவர். வாதத்தைத் தொடர்ந்திருந்தால் விடியல் கழிந்திருக்கும். குற்றத்தை ஏற்ற கணத்தில் கதவு திறந்தது.

இப்பத்துப் பெண்களையும் இழிந்தவர்களாக ஆசார்யர்கள் கருதவில்லை என்பதை மறக்கலாகாது. ஒவ்வொருத்தியும் ஒவ்வோர் ஆழ்வாரைக் குறிப்பவள் என்று ஸ்வாபதேசப் பொருள் கூறும் மரபும் உண்டு. உறங்குகிறவள் கண்ணனை மறந்து உறங்குகிறாள் என்று கோதை எண்ணவில்லை. அவனையே நினைத்து மயங்கிக் கிடக்கிறாள் என்றே எண்ணினாள். அதனால் கடிந்துகொண்டபோதும் அன்பு குறையவில்லை. பத்து வாசல்களுள் ஒரு வாசலையும் அவள் எழுப்பாமல் கடந்து போகவில்லை.

திருமாளிகை வாசலில்

தோழியர் அனைவரும் திரண்டபின் நந்தகோபர் திருமாளிகையை அடைகின்றனர். கோயில் காப்பானையும் வாயில் காப்பானையும் வேண்டி உட்புகுந்து, நந்தகோபரையும் யசோதைப் பிராட்டியையும் பலதேவரையும் எழுப்புகின்றனர். பின்னர் நப்பின்னைப் பிராட்டியை முன்னிட்டுக்கொண்டு கண்ணனை எழுப்புகின்றனர். பிராட்டியின் புருஷகாரம் இல்லாமல் பெருமானை அணுகலாகாது என்ற ஸம்ப்ரதாய முறை இங்கே செயலில் காட்டப்படுகிறது.

கண்ணன் கண்விழித்தான். இவ்வளவு பாடுபட்டு எழுப்பியவர்கள் உடனே வேண்டியதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குகையிலிருந்து உறக்கம் நீங்கிப் புறப்படும் சிங்கத்தைப் போல நடந்து வந்து சிங்காசனத்தில் அமர்ந்து விண்ணப்பத்தைக் கேட்டருள வேண்டும் என்கின்றனர். அவன் நடக்கத் தொடங்கியதும், அந்தத் திருவடிகளைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து, அத்திருவடிகளுக்கே மங்களாசாஸனம் செய்கின்றனர். பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரின் திருமகள் அல்லளோ!

நோன்புக்குரிய பறையை வேண்டுவதாகத் தொடங்கிய விண்ணப்பம் 29 ஆம் பாசுரத்தில் தன் உண்மையான பொருளை வெளியிடுகிறது. மிகச் சிறு காலையில் வந்து தொழுதது ஒரு வாத்தியத்தைப் பெற்றுச் செல்வதற்காக அன்று. ஏழேழ் பிறவிக்கும் அவனோடு உறவும் அவனுக்கே கைங்கர்யமும் வேண்டும், மற்ற விருப்பங்களை அவனே மாற்ற வேண்டும் என்று கேட்கிறாள். வைகறையில் எழுவதற்குப் பயன் என்ன என்ற கேள்விக்கு நாச்சியாரின் விடை இதுவே. உடல்நலமும் சுறுசுறுப்பும் தாமே வந்து சேரலாம். அவள் வேண்டியது தொண்டு ஒன்றே. தொண்டு செய்ய நேரம் வேண்டும். உலகக் காரியங்கள் வந்து பங்கு கேட்பதற்கு முன்னுள்ள நேரம் விடியல் நேரம்.

விண்மீன் சொன்ன காலம்

துயிலெழுப்பும் பாசுரங்களுள் 13 ஆவது, வானத்தில் சுக்ரன் உதித்ததையும் குரு அஸ்தமித்ததையும் விடியலுக்கு அடையாளமாகக் கூறுகிறது. மார்கழி வைகறையில் இவ்விரு கிரகங்களும் அவ்வாறு அமையும் ஆண்டு எது என்று ஆராய்ந்த அறிஞர் மு. இராகவையங்கார், கி.பி. 731 ஆம் ஆண்டைக் குறித்தார். வேறு ஆண்டுகளைக் கூறும் அறிஞரும் உளர். ஆண்டு எதுவாயினும், ஏடுகளைப் பார்த்து எழுதாமல் வானத்தைப் பார்த்துப் பாடியவள் நாச்சியார் என்பது அப்பாசுரத்தால் விளங்கும்.

இமை பொருந்தாத கண்கள்

நோன்பு நிறைவேறியது. ஆயினும் திருவரங்கன் வந்து கைப்பிடிக்கவில்லை. அதன்பின் கோதை பட்ட துயரமே 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழி. காமதேவனை நோற்றாள், குயிலை வேண்டினாள், மேகத்தைத் தூது விட்டாள், பாஞ்சஜன்யத்தினிடம் பெருமானின் திருவாய் மணத்தை வினவினாள். யானைகள் ஆயிரம் சூழ நாரணன் நம்பி வந்து தன்னைக் கைத்தலம் பற்றக் கண்ட கனவைத் தோழிக்கு உரைத்தாள். குயிலை நோக்கிப் பாடும் பதிகத்தில், எலும்பும் உருகிப் போக, பல நாள்களாகத் தன் கண்ணிமைகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று முறையிடுகிறாள்.

பிறரைத் துயிலெழுப்பியவள் தான் துயிலவே இல்லை என்பது இதனால் தெரிகிறது. விடியலில் எழுந்ததற்காக அவள் பெருமை பாராட்டிக்கொண்டதில்லை. அவளுக்கு அது ஒரு ஸாதனையாகவே தோன்றவில்லை. எதிர்பார்த்திருக்கும் ஒருவனுடைய வருகை உறக்கத்தைப் போக்கிவிட்டது. அன்பு முதிர்ந்த இடத்தில் விழிப்பு தானே வந்தது.

முடிவில் திருவரங்கநாதன் ஆழ்வாரின் கனவில் தோன்றிக் கோதையை அழைத்து வருமாறு பணித்தான். கோயில் பரிஜனங்களும் அவ்வாறே நியமனம் பெற்று வந்தனர். பல்லக்கில் எழுந்தருளிய நாச்சியார் திருவரங்கத்தில் பெருமானின் திருமுன்பே சென்று, அரவணைமேல் ஏறி, அவன் திருமேனியில் அந்தர்ப்பவித்தாள். மகளைப் பிரிந்த ஆழ்வார் ஊர் திரும்பினார். அவர் உள்ளம் குளிர, பெருமான் ரங்கமன்னாராக ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுந்தருளினான். ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரிய திருவடியும் ஒரே ஆஸனத்தில் நின்று ஸேவை ஸாதிக்கும் கோலம் அங்கே இன்றும் காணத் தக்கது. பங்குனி உத்தரத்தில் திருக்கல்யாணமும் ஆடிப்பூரத்தில் திருத்தேரும் நடைபெறுகின்றன.

அவளால் விழித்த பெரியோர்

கி.பி. 1017 இல் அவதரித்த எம்பெருமானார் ராமாநுஜர் திருப்பாவையையே எப்போதும் அநுஸந்தித்தமையால் திருப்பாவை ஜீயர் என்று பெயர் பெற்றார். பிக்ஷைக்குச் செல்லும்போது நப்பின்னையை எழுப்பும் 18 ஆம் பாசுரத்தை ஓதிக்கொண்டு பெரிய நம்பியின் திருமாளிகை வாசலை அடைந்தார். நம்பியின் திருக்குமாரத்தி அத்துழாய் வளையல் ஒலிக்கக் கதவைத் திறக்க, நப்பின்னையே திறந்தாள் என்று மயங்கி விழுந்தார். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொண்ட நாச்சியாரின் பிரார்த்தனையை அவரே நிறைவேற்றினார். பின் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது நாச்சியார் அவரை அண்ணனாக ஏற்று அழைத்தாள் என்பது பெரியோர் போற்றும் வரலாறு.

பெரியவாச்சான் பிள்ளை திருப்பாவைக்கு மூவாயிரப்படி வியாக்யானமும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படி வியாக்யானமும் அருளினர். 1509 முதல் 1529 வரை ஆண்ட விஜயநகரச் சக்ரவர்த்தி கிருஷ்ணதேவராயர், நாச்சியாரின் சரிதத்தை ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியமாகப் பாடினார். திருமலையில் ஆண்டு முழுதும் ஸுப்ரபாதம் கேட்டுத் திருக்கண் விழிக்கும் வேங்கடவன், மார்கழி மாதத்தில் மட்டும் திருப்பாவை கேட்டு விழிக்கிறான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நெஞ்சை உருக்குவது மணவாள மாமுனிகளின் வரலாறு. கி.பி. 1370 இல் அவதரித்த அம்மஹான், மார்கழி நீராட்ட உத்ஸவத்தில் நாச்சியாரை ஸேவிக்க ஆவல்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளினார். அவர் வந்து சேர்வதற்குள் மார்கழி கழிந்து தை பிறந்துவிட்டது. காலம் தப்பிவிட்டதே என்று மாமுனிகள் வருந்தினார். நாச்சியாரோ அவருக்காகத் தை மாதத்திலும் நீராட்டம் கண்டருளினாள் என்று மரபு கூறும். பத்து வாசல்களிலும் காத்து நின்றவள், காலந்தாழ்ந்து வந்தவருக்காக உத்ஸவத்தையே நீட்டித்தாள்.

இன்றைய அடியார்களுக்கு

மார்கழி எண்ணெய்க்காப்பு உத்ஸவத்தில் திருமுக்குளக் கரை மண்டபத்திற்கு நாச்சியார் எழுந்தருளுவதை ஸேவிக்கப் பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் வருகின்றனர். தளவாய்புரம் பக்கத்திலிருந்து வருவோருள் வயலில் பாடுபடுகிறவர்களும் உண்டு. இரவு நெடுநேரம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பிழைப்பு நடத்துகிறவர்களும் உண்டு. நள்ளிரவில் கண்ணயர்ந்தவருக்கு நாலு மணிக்கு எழுவது எளிதன்று. நாச்சியார் அதனை அறியாதவள் அல்லள். புதியவள், வசதியில் மூழ்கியவள், வாக்குத் தவறியவள் என்று எல்லாரையும் அவள் தன் திருப்பாவையில் சேர்த்துக்கொண்டது இதற்காகவே.

அவள் காட்டிய வழியில் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, எழுவதற்கு ஒரு நோக்கம் வேண்டும். எழுந்தபின் செய்வதற்குத் தொண்டு இல்லாதவனுக்குப் படுக்கையே இனிக்கும். பெரியாழ்வார் வீட்டில் மலர்கள் காத்திருந்தன. அதனால் அங்கே எவரும் உறங்கிக் கிடக்கவில்லை. இரண்டாவது, தனியே எழுவதைவிடக் கூடி எழுவது எளிது. வீட்டில் ஒருவர் எழுந்து விளக்கேற்றினால் மற்றவர் கண்விழிப்பர். தெருவில் ஒரு வீட்டில் பாசுரம் ஒலித்தால் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். மூன்றாவது, எழாதவரை இகழ்ந்து விலக்கலாகாது. இன்று எழாதவர் நாளை எழுவார். அவர் வாசலில் ஒரு பாசுரம் கூடுதலாகப் பாட வேண்டும், அவ்வளவே.

மார்கழிக்கு 29 அல்லது 30 நாள்கள். திருப்பாவைக்கு 30 பாசுரங்கள். நாளொன்றுக்கு ஒரு பாசுரமாகச் சிறுவரும் ஓதிவிடலாம். அவ்வளவு சிறிய கைங்கர்யத்திற்காக ஒரு மாதம் வைகறையில் எழுந்த குழந்தைக்கு, தை பிறந்தபின் விடியல் அந்நியமாக இராது. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் தொடங்கிய அந்த விடியலைத் தத்தம் இல்லத்து வாசலுக்கும் கொண்டுவருதலே நாச்சியாருக்கு அடியார்கள் செய்யத்தக்க மங்களாசாஸனம் ஆகும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.
பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.